மூன்று சுழி ண-வும் ஒற்றைக் கோடும்

எங்கள் ஆச்சியின் தூக்குவாளி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதன் வயிற்றுப் பக்கத்தில் அவருடைய பெயர் வெட்டியிருக்கிறது. பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதிரும் ஊசி வைத்த சிறு கருவியால் பெயர் வெட்டித் தருவார்களே, அப்படி யாரோ ஒருவர் எழுதியது. கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டத்தில் நூறு பாத்திரங்களுக்கு நடுவே அவசரமாக எழுதியிருப்பார். ஆச்சியின் பெயரில் ஒரு ண உண்டு. அதன் மூன்று சுழிகளும் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் உருண்டு போய், கடைசிக் காலில் இறங்கி நிற்கின்றன. எவர்சில்வர் தேய்ந்து பளபளப்புப் போன பிறகும் அந்தக் கோடு மட்டும் தெளிவாக இருக்கிறது.

அந்தப் பெயரைத் தேக்குப் பலகையில் பொறித்து வாசலில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என்னிடம் ஒளிக்கதிரால் மரத்தை எரித்துப் பொறிக்கும் பத்து வாட் டயோடு லேசர் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கணினியில் ஒரு நல்ல தமிழ் எழுத்துருவில் பெயரைத் தட்டி, கோட்டு வழியே எரிக்கும்படி கட்டளை கொடுத்தேன். பலகையில் வந்தது பெயரின் ஓரம் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தும் உள்ளே வெறுமையாக, இரண்டு கரைகளுக்கு நடுவே வறண்ட வாய்க்கால் போலக் கிடந்தது. ண-வின் சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று வட்டங்களாகி, பார்ப்பவருக்கு எதுவென்றே புரியாமல் போயின.

காரணம் எளிது. நாம் கணினியில் பயன்படுத்தும் எழுத்துருக்கள் எழுத்தின் கோட்டைச் சேமித்து வைப்பதில்லை. மை பரவிய இடத்தின் எல்லையைச் சேமிக்கின்றன. ட்ரூடைப், ஓப்பன்டைப் என்று எழுத்துருக் கோப்பின் வகை எதுவானாலும் ஒவ்வொரு வளைவும் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்டால் மென்பொருளே இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். திரைக்கும் காகிதத்துக்கும் இது பொருந்தும். எல்லை தெரிந்தால் உள்ளே மையை நிரப்பிக்கொள்ளலாம். லேசரின் முனை ஒரு புள்ளி. அதற்கு எல்லையைக் கொடுத்தால் எல்லையைச் சுற்றி வரும்.

லேசரையும் நிரப்பச் சொல்லலாம். அப்போது அது வயலில் ஏர் ஓட்டுவது போல இடமும் வலமுமாக வரிவரியாகப் போய்வரும். 200 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பெயருக்கு, வரிக்கு வரி 0.1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 300 வரிகள். விநாடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதே பெயரைக் கையால் எழுதி அதன் கோடுகளின் மொத்த நீளத்தை அளந்தேன். ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. விநாடிக்கு 30 மில்லிமீட்டர் என்று நிதானமாக எரித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: நிரப்பி எரித்த எழுத்து மரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் போல இருந்தது. தூக்குவாளியில் இருப்பது ஒருவர் எழுதியது. அந்த ஓட்டம் எனக்கு வேண்டியிருந்தது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் வெகுகாலத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் டால்கிரெனில் இருந்தது. அங்கே பணியாற்றிய ஆலன் ஹெர்ஷி என்ற விஞ்ஞானி, கணினி வரைந்து காட்டுவதற்காக எழுத்துகளை நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து 1967-இல் வெளியிட்டார். ரோமன், கிரேக்கம், சிரில்லிக் எழுத்துகளோடு ஜப்பானிய எழுத்துகளையும் செய்தார். ஒவ்வொரு எழுத்தும் முழு எண்களில் அமைந்த ஒரு கட்டத்தின் மீது புள்ளி புள்ளியாக நகர்ந்து செல்லும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் இரண்டு அல்லது மூன்று கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். நிரப்புதல் என்ற எண்ணமே அதில் கிடையாது. அறுபது ஆண்டுகளை நெருங்கும் இந்நாளிலும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஹெர்ஷி பெயரிலேயே ஒரு நீட்சி இருக்கிறது. ஆட்டோகேட் என்ற பொறியியல் வரைபட மென்பொருளின் படங்களில் வரும் மெல்லிய எழுத்துகளும் இதே வகைதான். அவற்றை எஸ்எச்எக்ஸ் கோப்புகள் என்பார்கள், லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருள் அவற்றை நேரடியாகப் படிக்கும். கணினிக்கும் முன்னால், பழைய கேமரா லென்ஸ்களின் வளையத்தில் எண்களைச் செதுக்கிய இயந்திரங்களும் சுழலும் முனையை ஒற்றைக் கோட்டில்தான் நடத்தின.

ஹெர்ஷியின் தொகுப்பில் தமிழ் இல்லை. அவர் மீது குறையில்லை. ஒரு தனி மனிதர் அத்தனை செய்ததே பெரிது. தமிழில் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் குறுக்கு வழியைப் பார்த்தேன். இருக்கிற எழுத்துருவை எடுத்து அதன் நடுக்கோட்டைக் கணினியையே கண்டுபிடிக்கச் சொல்வது. இதற்கான கணித அடிப்படையை ஹாரி புளூம் என்பவர் தந்தார், அதுவும் அதே 1967-இல். அவர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடிக்கும்: காய்ந்த புல் நிறைந்த ஒரு வயலின் வரப்புகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் தீ வைக்கிறோம். தீ எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் உள்ளே பரவுகிறது. எதிரெதிரே வரும் தீக்கள் சந்தித்து அணையும் இடங்களைச் சேர்த்தால் அதுவே அந்த வயலின் எலும்புக்கூடு.

ட-வுக்கும் ப-வுக்கும் இது ஓரளவு வேலை செய்தது. அதிலும் முனைகளைப் பாருங்கள். சதுரமாக வெட்டிய கோட்டின் முனையில் இரு மூலைகளிலிருந்தும் தீ வரும். ஆகவே நடுக்கோடு அங்கே பாம்பின் நாக்கு போல இரண்டாகப் பிளந்துவிடுகிறது. கோடுகள் சேரும் இடத்தில் மை திரண்டிருக்கும். நடுக்கோடு அந்தத் திரட்சியின் மையத்துக்கு இழுபட்டு, நேராகப் போக வேண்டியது முழங்கை போல மடங்குகிறது. சுழிகள் நிறைந்த எழுத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அச்சு எழுத்தில் ண-வின் சுழிகள் சிறியவை. உள்ளே ஊசித்துளை அளவு வெள்ளைதான் இருக்கும். சில எழுத்துருக்களில் சுழியை முழுக் கறுப்புப் பொட்டாகவே ஆக்கியிருப்பார்கள். அதை எலும்புக்கூடாக்கினால் சுழி காணாமல் போய் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று வாரம் இதைத் திருத்திப் பார்த்த பிறகு ஒன்று விளங்கியது. வடிவத்திலிருந்து எழுத்தை மீட்க முடியாது. கை எந்த இடத்தில் தொடங்கியது, எங்கே திரும்பியது என்ற செய்தி அந்த வடிவத்தில் இல்லவே இல்லை.

ஆகவே எழுதத் தொடங்கினேன். அம்மாவிடம் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து எல்லா எழுத்துகளையும் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதுவதை மேலிருந்து கைப்பேசியில் படம் பிடித்தேன். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் வரவுசெலவு எழுதிய கை அது. ட ஒரே இழுப்பு: கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது. ப-வும் ஒரே இழுப்பு: இறங்கி, படுத்து, ஏறுகிறது. இரண்டு சுழி ன-வுக்கும் மூன்று சுழி ண-வுக்கும் அம்மாவின் கை வேகத்தையே மாற்றவில்லை. ண-வில் ஒரு சுற்று கூடுதல், அவ்வளவே. பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்த பெயர்கள் எவ்வளவு சரியானவை என்று அப்போது உறைத்தது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், மேல்விலங்கு, கீழ்விலங்கு, சுழி. எல்லாம் கோட்டின் பெயர்கள். ஒன்றுகூடத் தடிமனைப் பற்றிப் பேசவில்லை.

தமிழ் எழுத்து பல நூற்றாண்டுகள் அப்படித்தான் இருந்தது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓலைகளின் முன் கொஞ்சம் நின்று பாருங்கள். எழுத்தாணியின் முனைக்குத் தடிமன் என்று எதுவும் இல்லை, கீறல்தான் எழுத்து. இடது கட்டைவிரலை அணைவாக வைத்துக்கொண்டு, ஆணியை ஓட்டுவதற்குப் பதில் ஓலையை நகர்த்தி எழுதினார்கள். பிறகு கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும்; அதை மையாடல் என்றார்கள். நான் அக்ரிலிக் தகட்டில் பொறித்துவிட்டு வண்ணம் தடவித் துடைக்கிறேன். செய்முறையில் ஒரு மாற்றமும் இல்லை. ஓலை கிழியாமல் இருக்கத்தான் தமிழ் எழுத்து வட்டமானது என்று ஒரு விளக்கம் அடிக்கடி காதில் விழும். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ட, ப, ம, ய எல்லாவற்றிலும் ஓலையின் நரம்போடு ஓடும் நேர்கோடுகள் இருக்கின்றன. 1578-இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறி, எழுத்து ஈயத்துக்குப் போனபோதுதான் கோட்டுக்குக் கரைகள் முளைத்தன என்பது மட்டும் உறுதி.

அம்மாவின் கையெழுத்தை இங்க்ஸ்கேப்பில் வைத்து, அதன் மேல் வளைகோடுகளை வரைந்தேன். வளைகோட்டைக் கட்டுப்படுத்தும் புள்ளிகளை முனைகள் என்பார்கள்; அவற்றை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். முனைகள் நெருங்கினால் இயந்திரம் ஒவ்வொன்றிலும் தயங்கும். தயங்கும் இடத்தில் மரம் கருகும். கோடு எங்கே தொடங்க வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை அம்மாவின் படத்தைப் பார்த்தே வைத்தேன்.

காகிதத்தில் நன்றாக வந்தது மரத்தில் வரவில்லை. பேனாவுக்கும் லேசருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரிகிறது. பேனா ஒரே இடத்தில் இரண்டு முறை போனால் கறுப்பின் மேல் கறுப்பு, யாருக்கும் தெரியாது. லேசர் இரண்டு முறை போனால் பள்ளம் இரட்டிப்பாகும். க-வில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. எழுத்தில் போன வழியே திரும்பி வரும் இடம் எதுவானாலும் அங்கே ஆழமான தழும்பு. மூடிய வளைவையே கேட்கும் எழுத்துரு வடிவத்தை ஏமாற்ற, முனை வரை போய் அதே வழியில் திரும்பி வரும்படி வரைவது ஒரு பழைய உத்தி. வரைபடக் கருவிகளுக்கு அது போதும். லேசருக்கு அதைக் கொடுத்தால் எழுத்து முழுவதும் இரண்டு தடவை எரியும். ஆகவே கோடு மற்றொரு கோட்டைத் தொடும் இடங்களில் கதிரின் அகல அளவுக்கு, என் இயந்திரத்தில் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், முன்பே நிறுத்திக்கொண்டேன். கண்ணுக்கு அது சேர்ந்தே தெரிகிறது. இந்த இடைவெளியை எழுத்துருவுக்குள் வைக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் பெரிதாகும், கதிர் அதே அகலத்தில்தான் இருக்கும். எனவே அதை எழுத்துருவுக்கு வெளியே, கடைசியில் கோடுகளை வெளியிடும் நிரலில் வைத்தேன்.

அடுத்து சுழிகள். நான்கு மில்லிமீட்டர் உயர எழுத்தில் ஒரு சுழியின் ஆரம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அரை மில்லிமீட்டர் ஆர வட்டத்தில், விநாடிக்கு விநாடி 500 மில்லிமீட்டர் முடுக்கம் தாங்கும் இயந்திரம் போகக்கூடிய வேகம் விநாடிக்குச் சுமார் 16 மில்லிமீட்டர்தான். நான் 50 என்று கட்டளை கொடுத்தாலும் சுழிக்குள் நுழைந்ததும் அது நடைபோடும். வேகம் குறையும்போது கதிரின் வலுவையும் குறைக்கும் வசதி இருக்கிறது. இருந்தும் சுழி கொஞ்சம் கறுத்தே வந்தது. சிறிய அளவுக்கென்று தனி வரைவு ஒன்று செய்து, அதில் சுழிகளைப் பெரிதாக்கி, ண-வை அகலமாக்கிய பிறகே மூன்று சுழியும் மூன்றாகத் தெரிந்தன. ழ-வின் கீழ்ச் சுழியையும் அப்படியே திறந்துவிட்டேன். ஈய அச்சுக் காலத்தில் சிறிய எழுத்தைத் தனியாகவே வெட்டுவார்கள், பெரியதைச் சுருக்க மாட்டார்கள். அதன் நியாயம் இப்போது கையில் தெரிகிறது.

புள்ளிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் முழுப் பலகையில் ஒரு புள்ளிகூட எரியவில்லை. 'கண்ணன் இல்லம்' என்று கொடுத்தது 'கணணன இலலம' என்று வந்தது. புள்ளியை நீளமில்லாத ஒரு கோடாக வரைந்திருந்தேன். திரையில் பொட்டாகத் தெரிந்தது. ஆனால் என் இயந்திரத்தை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரலில் லேசரின் வலு வேகத்தோடு ஏறி இறங்கும். நகராத இடத்தில் வேகம் பூஜ்யம், வலுவும் பூஜ்யம். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தது, கிட்டத்தட்ட ஒரு பழைய ஓலைச்சுவடியின் வரி. ஏட்டில் புள்ளி வைத்து எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆணியை ஒரே இடத்தில் அழுத்தினால் ஓலை பொத்துவிடும். கணணன என்று எழுதியிருப்பதைக் கண்ணன் என்று படித்துக்கொள்வது படிப்பவரின் பொறுப்பாக இருந்தது. சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் எதிரே எத்தனை ஆயிரம் வரிகள் இப்படி வந்து நின்றிருக்கும் என்று அன்று மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு அம்மாவின் நோட்டிலேயே இருந்தது. அவர் புள்ளியைக் குத்துவதில்லை. சின்ன வட்டமாகச் சுழிக்கிறார். அதையே எடுத்துக்கொண்டேன். பெரிய அளவில் வட்டமாகத் தெரியும், சிறிய அளவில் தானே மூடிப் பொட்டாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, தட்டச்சு செய்தால் எழுத்து வர வேண்டுமே. ஒற்றைக்கோட்டு எழுத்துருவைக் கையாளும் கருவிகள் பெரும்பாலும் எழுத்துகளைக் குறியீட்டு வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகின்றன. இன்று கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, முன்னால் காட்டப்படுகிறது. அந்த இடமாற்றத்தைச் செய்ய இந்தக் கருவிகளில் ஆளில்லை. 'கொடைக்கானல்' என்று கொடுத்தேன். ட-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு, அதாவது ஐகாரக் குறி, அதைத் தாண்டி அடுத்த எழுத்தின் வாசலில் போய் நின்றது. கொ-வின் கொம்புக்கும் காலுக்கும் நடுவே க போக வழியே இல்லை.

பழைய முறைக்குப் போகலாமா என்று பார்த்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளிலும், அதற்கு முன்னால் ஆளுக்கொன்றாக இருந்த எழுத்துருக்களிலும், கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கு ஓர் இடம், தெரியும் வரிசையிலேயே தட்டு என்பதுதான் முறை. அதற்காக என் வடிவங்களை எண்ணினேன். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகாரங்கள் 36, உகர ஊகாரங்கள் 36, கால் ஒன்று, கொம்பு வகை மூன்று. ஆக 125. எட்டு பிட் குறியீட்டின் 256 இடங்களில் ஆங்கிலத்துக்கான கீழ்ப்பாதி போக, மேல்பாதியில் 128 இடங்கள். மூன்று இடம் மிச்சம்! அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் தங்கள் வரிசைகளோடு வந்தால் இடம் வழிந்துவிடும். மக்களின் பெயர்களை எழுதுகிறவன் அவற்றை விட்டுவிட முடியாது. ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் அது பலகையில் இருக்க வேண்டும்.

இறுதியில் வேறு வழி எடுத்தேன். எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலிடம் விட்டேன். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் தமிழைச் சரியாகக் காட்டுவதே அதனால்தான். எந்த வடிவம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று அது சொல்லும். என் சிறிய பைத்தான் நிரல் அந்தந்த இடத்தில் மூடாத கோடுகளை வைத்து, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகத் தருகிறது. பொத்தானை அழுத்தினால் எங்கும் ஓடும் எழுத்துருவாக அது இன்னும் ஆகவில்லை. ஆனாலும் கொடைக்கானல் இப்போது கொடைக்கானலாக இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு பெரியவர், 'அன்னை இல்லம்' என்று பலகை வேண்டும், ஆனால் னை பழைய எழுத்தாக இருக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். அவருடைய அப்பா கட்டிய வீட்டின் முகப்பில் அப்படித்தான் சிமெண்டில் இருந்ததாம். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு தனியான இணைக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே துதிக்கை போல ஒரு வளைவு ஏறியிருக்கும். யானை என்ற சொல்லின் னை-யிலேயே துதிக்கை இருந்தது. பெரியார் 1935-இலேயே தம் இதழில் பயன்படுத்திய சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றபோது அவை போயின. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் எழுத்துப் படிக்கும் குழந்தைக்கும் அது பெரிய நன்மை. நான் அந்தச் சீர்திருத்தத்தின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பழைய னை-யை வரைந்தபோது, துதிக்கையில் தொடங்கிய கோடு எங்கும் எடுக்காமல் இரண்டு சுழியையும் சுற்றிக் காலில் இறங்கி முடிந்தது. புதிய னை-யில் லேசர் ஒரு முறை அணைந்து நகர்ந்து மீண்டும் பற்ற வேண்டும். பழையதில் ஒரே பற்றல். எழுதும் கையின் வசதிக்காகப் பிறந்த வடிவம் அது என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான்கையும் மாற்று வடிவங்களாகத் தொகுப்பில் சேர்த்துவிட்டேன்.

ஆச்சியின் பெயர்ப்பலகை சித்திரையில் வாசலில் ஏறியது. அதில் உள்ள ண அம்மாவின் கையெழுத்து.

இன்னும் சரிவராதவை இரண்டு: ஸ்ரீ, க்ஷ. ஸ்ரீ-யில் கோடு தன் மேலேயே இரண்டு இடங்களில் ஏறுகிறது. இடைவெளி விட்டால் எழுத்து உடைகிறது, விடாவிட்டால் கருகுகிறது. நான்காவது வரைவு இப்போது பிளைவுட் துண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த தெருவில் தையல் கடை திறக்கப் போகும் பெண்ணின் கடைக்குப் பெயர் ஸ்ரீலக்ஷ்மி. வெள்ளிக்கிழமை காலைக்குள் பலகை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.